கருணை மசியலும் பாப்பாவின் நாக்கும்

அண்ணி: பிடிகருணை மசியல் சாப்பிட்டதிலிருந்து நாக்கு அரிக்கிறது, தொண்டை குத்துகிறது என்று பாப்பா அழுகிறாள். என்ன கொடுக்கட்டும்?

நான்: அண்ணி, முதலில் உதடோ நாக்கோ வீங்கியிருக்கிறதா, மூச்சு விடவும் எச்சில் விழுங்கவும் கஷ்டப்படுகிறாளா என்று பாருங்கள். அப்படி இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

அண்ணி: வீக்கம் இல்லை. நன்றாகப் பேசுகிறாள். நாக்கைத்தான் சுரண்டிக்கொண்டே இருக்கிறாள்.

பெரியம்மா: சுரண்ட விடாதே. வாயைக் கொப்பளிக்கச் சொல். அப்புறம் ஆறின பாலோ தயிரோ கொடு, கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்து விழுங்கட்டும். கிழங்கு எப்போது வாங்கினாய்?

அண்ணி: இன்று காலையில்தான் அத்தை. இவளுக்குப் புளிப்பு ஆகாதே என்று புளியும் குறைவாகத்தான் விட்டேன்.

பெரியம்மா: அதுதான் விஷயம். புதுக் கிழங்கு அதிகமாக அரிக்கும். காற்றாடப் போட்டு வைத்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு எடு. அரிசி கழுவின தண்ணீரில் குழைய வேகவிட்டு உரி. புளியை மட்டும் குறைக்காதே.

நான்: பெரியம்மா சொல்வது சரி. கருணை, சேனை, சேப்பங்கிழங்கு மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். உள்ளே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக் கட்டாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மெல்லும்போது அவை நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன. வெறும் தண்ணீரில் வேகவைத்தால் அந்த ஊசி கரைந்துவிடாது. அதனால்தான் வெந்த கிழங்கும் சில சமயம் அரிக்கிறது. நறுக்கும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் இதற்காகத்தான்.

மாமா: அன்னாசி சாப்பிட்டாலும் எனக்கு நாக்கு எரிகிறதே, அதுவும் இதேதானா?

நான்: அதிலும் ஊசி உண்டு மாமா. கூடவே புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது, அது புரதத்தைச் சிதைக்கும். நடுத்தண்டில் அதிகம், அதை வெட்டி எறிந்துவிடுங்கள். சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். அன்னாசி ரசமோ கேசரியோ சாப்பிட்டுப் பாருங்கள், அவ்வளவாக எரியாது.

மாமா: சரி. அப்பா நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. தினமும் கஞ்சிதான் குடிக்கிறார், அதனாலா?

நான்: இருக்கலாம். கஞ்சி மாதிரி மெல்லாமல் விழுங்கும் உணவு நாக்கைத் தேய்க்காது. இறந்த செல்லும் கிருமியும் அப்படியே தங்கிவிடும். தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் படியும். வழிப்பான் வைத்து மெதுவாக வழித்துவிடுங்கள். நாவல்பழம் தின்ற ஊதா, இரும்புச்சத்து டானிக்கின் கறுப்பு எல்லாம் வெறும் கறை, தானாகப் போய்விடும். ஆனால் தாத்தா ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எடுக்கிறார் இல்லையா? அந்த மருந்தால் வாயில் பூஞ்சை வரலாம். வெள்ளையைத் துடைத்தால் அடியில் சிவந்தோ ரத்தம் கசிந்தோ இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு தடவை இன்ஹேலர் எடுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

மாமா: அவர் கொப்பளிப்பதே இல்லை. துடைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அண்ணி: தயிர் சாப்பிட்டதும் அழுகை நின்றுவிட்டது. மீதி மசியலைக் கொட்டிவிடட்டுமா?

பெரியம்மா: கொட்டாதே. புளி கரைத்து விட்டு, பச்சை வாசனை போகக் கொதிக்க விடு. நீ ஒரு வாய் சாப்பிட்டுப் பார், அரிக்காவிட்டால் பெரியவர்களுக்குப் போடு. பாப்பாவுக்கு இன்று வேண்டாம்.