ஆப்டோமெட்ரி நுழைவுத் தேர்வு: 14,000 ரூபாய் புத்தகத் தொகுப்பு தேவையா? மாதிரித் தேர்வில் 33தான் வருகிறது

உடுமலை மாணவி:

வணக்கம். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறேன். டில்லி எய்ம்ஸில் ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனை, கண்ணாடி பற்றிய படிப்பு) பட்டப்படிப்பில் சேர ஆசை. துணை மருத்துவப் படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றிலும் 30 கேள்விகள். மொத்தம் 90 கேள்விகளுக்கு 90 நிமிடம். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். தமிழில் வினாத்தாள் கிடையாது.

கையில் இருப்பவை என் பள்ளிப் புத்தகங்களும், உக்கடம் பழைய புத்தகக் கடையில் 450 ரூபாய்க்கு வாங்கிய மூன்று நீட் கைடுகளும். அதில் ஒன்றில் நடுவே நாற்பது பக்கம் காணவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

ஒரு பயிற்சி மையத்தில் எட்டுப் புத்தகங்கள் கொண்ட நீட் தொகுப்பை 14,000 ரூபாய் என்கிறார்கள். அப்பா வட்டிக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். அதை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

நேற்று கடிகாரம் வைத்து ஒரு மாதிரித் தாள் எழுதினேன். 84 கேள்விகளுக்கு விடை போட்டதில் 46 சரி, 38 தவறு. கழித்தால் 33.33. புத்தகம் போதாததால்தான் இப்படி வருகிறதா? அந்தத் தொகுப்பை வாங்கலாமா?

மூன்றாம் முறை நீட்:

வாங்குங்கள். பெரிய தேர்வுக்குப் படித்தால் சின்னத் தேர்வு தானாக வந்துவிடும். நானும் அதே மாதிரித் தொகுப்பில்தான் படிக்கிறேன்.

பொள்ளாச்சி கண்ணாடிக் கடை:

தம்பி, மூன்றாம் முறை என்று நீங்களே பெயர் வைத்துக்கொண்டு அதையே சிபாரிசு செய்கிறீர்களே. கண்ணு, அப்பாவை வட்டிக்கு வாங்க விடாதே. இரண்டு நாள் பொறு, விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

இயற்பியல் டீச்சர்:

வாங்கலாமா வேண்டாமா என்று இப்போது யார் சொன்னாலும் அது குருட்டு யோசனைதான். முதலில் அந்த 38 தவறுகளையும் எடுத்து வைத்துக்கொள் அம்மா. ஒவ்வொன்றையும் விடைத்தாளைப் பார்க்காமல் மறுபடி போடு, இந்த முறை கடிகாரம் வேண்டாம். பிறகு மூன்று குவியலாகப் பிரி. பாடமே தெரியாதவை ஒன்று, தெரிந்தும் கணக்கில் வழுக்கியவை ஒன்று, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டவை ஒன்று. எண்ணிக்கையைச் சொல். புத்தகத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

உடுமலை மாணவி:

டீச்சர், செய்துவிட்டேன். பாடம் தெரியாதவை 11, கணக்கில் வழுக்கியவை 9, கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டவை 18. மூன்றாவது குவியல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

இயற்பியல் டீச்சர்:

நான் நினைத்தேன். அந்த 18-ஐயும் சரியாகப் போட்டிருந்தால் 64 சரி, 20 தவறு. மதிப்பெண் 57-க்கு மேல். பாடம் ஒரு வரிகூடக் கூடுதலாகப் படிக்காமலே கிடைத்திருக்க வேண்டிய மதிப்பெண் அது. எட்டுப் புத்தகம் இதற்கு மருந்தாகாது. அந்த 18-இல் சிலவற்றை இங்கே எழுது.

உடுமலை மாணவி:

ஏழு கேள்விகளில் ‘இவற்றில் எது சரியல்ல’ என்பதைக் கவனிக்காமல் சரியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். மற்ற 11-இலும் சொல்தான் சிக்கல். ரிஃப்ராக்ஷனும் டிஃப்ராக்ஷனும் எனக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. வேதியியலில் அட்சார்ப்ஷன் என்று கேட்டதை அப்சார்ப்ஷன் என்று படித்தேன். ரிடக்ஷன் என்றால் ஏதோ குறைகிறது என்று எடுத்துக்கொண்டேன். ஒடுக்கம் என்று இருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்வேன்.

இயற்பியல் டீச்சர்:

இதில் உன் தவறு குறைவு. ஒளிவிலகல் (ரிஃப்ராக்ஷன்), விளிம்பு விளைவு (டிஃப்ராக்ஷன்), எதிரொளிப்பு (ரிஃப்ளெக்ஷன்) என்று தமிழில் மூன்றும் மூன்று முகம். ஆங்கிலத்தில் மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கும். பரப்புக் கவர்தலையும் உறிஞ்சுதலையும் தமிழில் யாராவது குழப்பிக்கொள்வார்களா? ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு விஷயம் தெளிவாக இருக்கும், பெயர்ப்பலகைதான் புதிது.

உனக்கு வேண்டிய புத்தகம் நீ ஏற்கெனவே படித்ததுதான், அதன் ஆங்கிலப் பதிப்பு. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இரண்டு மொழியிலும் ஒரே அலகு, ஒரே படம், ஒரே அட்டவணையோடு வருகின்றன. இணையத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, படங்களின் பெயர்களையும் அட்டவணைகளையும் பாடத்தின் கடைசியில் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களையும் மட்டும் ஆங்கிலத்தில் படி. முழுப் பாடத்தையும் மறுபடி படிக்க ஆரம்பித்தால் தேர்வு முடிந்த பிறகுதான் முடிப்பாய். குழப்புகிற சொற்களை ஜோடி ஜோடியாக ஒரு நோட்டில் எழுதிவை.

கணக்கில் வழுக்கிய ஒன்பதில் சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்தவை எத்தனை?

உடுமலை மாணவி:

நான்கு. எப்படித் தெரிந்தது டீச்சர்?

இயற்பியல் டீச்சர்:

இருபத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியிருக்கிறேன்.

பொள்ளாச்சி கண்ணாடிக் கடை:

அது எனக்கும் தெரிந்த கணக்கு. கிட்டப்பார்வை உள்ளவருக்கு 50 சென்டிமீட்டருக்கு மேல் தெளிவில்லை என்றால் 0.5 மீட்டர், ஒன்றை அதால் வகுத்தால் 2, முன்னால் மைனஸ். பவர் மைனஸ் 2. மீட்டராக்க மறந்தால் 0.02 என்று வரும். அந்தப் பவரில் லென்ஸ் கேட்டு யாராவது வந்தால் வெறும் ஃபிரேமைக் கொடுத்து அனுப்பலாம்.

தூரப்பார்வைக் கணக்கும் அப்படியே. ஒரு மீட்டருக்கு உள்ளே தெளிவில்லாதவர் 25 சென்டிமீட்டரில் படிக்க வேண்டும் என்றால், ஒன்றை 0.25-ஆல் வகுத்தால் 4, ஒன்றால் வகுத்தால் 1, 4-இலிருந்து 1 போனால் பிளஸ் 3. கடையில் தினமும் பார்க்கிறோம். நாற்பது தாண்டியவர்கள் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வெள்ளெழுத்து என்று நாம் சொல்வதைப் புத்தகம் பிரெஸ்பயோபியா என்கிறது. அதையும் உன் ஜோடி நோட்டில் எழுதிக்கொள் கண்ணு.

மூன்றாம் ஆண்டு அக்கா:

தாமதமாக வருகிறேன். ஆப்டோமெட்ரி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், நானும் நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர்ந்தேன்.

நீட் தொகுப்பைப் பற்றி. நீட்டில் 180 கேள்வியில் 90 உயிரியல், அதாவது பாதி. உன் தேர்விலோ மூன்றில் ஒரு பங்குதான். எட்டுப் புத்தகத்தில் உயிரியல் எத்தனை என்று எண்ணிப் பார், பணம் எங்கே போகிறது என்று தெரியும். இன்னொன்று, ஊகிக்கும் பழக்கம். நீட்டில் சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. அங்கே கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சராசரியாகக் கொஞ்சம் லாபம். இங்கே நான்கில் ஒன்று சரியாகக் கிடைத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து அந்த ஒன்றைத் தின்றுவிடும். பலன் பூஜ்யம், போனது நேரம். ஒரு விடையாவது நிச்சயமாகத் தவறு என்று அடித்துவிட முடிந்தால் மட்டும் ஊகித்துப் போடு.

என்சிஇஆர்டி புத்தகங்களை, அதாவது மத்திய அரசின் பாடநூல்களை, எல்லோரும் வேதம் என்பார்கள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நானும் அவற்றைத்தான் இரண்டாவதாகப் படித்தேன். ஆனால் ஒரு வேடிக்கை. 2022-இல் பாடச்சுமையைக் குறைத்தபோது அவர்களுடைய பதினோராம் வகுப்பு உயிரியலில் நரம்பு மண்டலப் பாடத்திலிருந்து கண்ணையும் காதையும் எடுத்துவிட்டார்கள். கண் படிக்கப் போகிறவள் புத்தகத்தைத் திறந்தால் கண்ணைக் காணோம்! நம் பதினோராம் வகுப்பு விலங்கியலில் அது இருக்கிறது. குச்சி செல், கூம்பு செல், கண் குறைபாடுகள் எல்லாம் அங்கேயே படி. நம் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலின் இரண்டாம் தொகுதியில் ஒளியியல் கருவிகளோடு கண்ணும் வருகிறது. செரிமானமும் என்சிஇஆர்டி உயிரியலிலிருந்து போய்விட்டது. அதையும் நம் புத்தகத்தில் பார்த்துக்கொள்.

நீட் கைடுகளைத் தூக்கி எறிய வேண்டாம். பாடம் தெரியாத அந்த 11 கேள்விகள் வந்த அலகுகளுக்கு மட்டும் அவற்றிலிருந்து பயிற்சி வினாக்கள் போடு.

ஒரு கேள்வி. தமிழ்நாட்டிலேயே பி.ஆப்டம் (ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பு) சேர விண்ணப்பித்திருக்கிறாயா? மாநிலக் கலந்தாய்வில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான் இடம், நுழைவுத் தேர்வு இல்லை.

உடுமலை மாணவி:

விண்ணப்பித்திருக்கிறேன் அக்கா. எழும்பூர் கிடைத்தால் போதும் என்று அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறார்.

மூன்றாம் ஆண்டு அக்கா:

1819-இல் தொடங்கிய கண் மருத்துவமனை அது. அம்மா வேண்டுவதில் தப்பே இல்லை.

மூன்றாம் முறை நீட்:

ஒப்புக்கொள்கிறேன், கழிவு மதிப்பெண் வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை. ஆனால் தொகுப்போடு வருகிற மாதிரித் தேர்வுகள் நல்லவை. அவை இல்லாமல் எதில் பயிற்சி எடுப்பார்?

இயற்பியல் டீச்சர்:

நியாயமான கேள்வி தம்பி. பழைய வினாத்தாள் கிடைத்தவரை போடட்டும். மீதிக்கு, அவளிடம் இருக்கும் கைடுகளிலிருந்து பாடத்துக்கு 30 வினா பொறுக்கினால் ஒரு தாள் தயார். பொறுக்குவதை மட்டும் வேறு யாராவது செய்ய வேண்டும். தானே பொறுக்கினால் தெரிந்ததாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்வாள்.

உடுமலை மாணவி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வினாக்களைப் பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி பொறுக்கினான். ஒன்றும் புரியாமல் நீளமானதாகப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறான், அதுவும் நல்லதாகப் போயிற்று. ‘சரியல்ல’ என்று வரும் இடத்தில் சொல்லை விரலால் தொட்டுவிட்டுத்தான் விடை போடுகிறேன். நேற்று 71 போட்டதில் 55 சரி, 16 தவறு, 49.67. தவறில் நான்குதான் சொல் குழப்பம். ஆனால் நேரம் போதவில்லை, கடைசி 19 கேள்விகளைத் தொடவே இல்லை. எல்லாம் இயற்பியல்.

இயற்பியல் டீச்சர்:

இயற்பியலைக் கடைசியில் வைத்தாயா? அடுத்த தாளில் உயிரியலை 20 நிமிடத்தில் முடித்துவிட்டு நேராக இயற்பியலுக்குப் போ, வேதியியல் கடைசி. எழுதிவிட்டு மறுபடி மூன்று குவியலாகப் பிரித்து அனுப்பு.

பொள்ளாச்சி கண்ணாடிக் கடை:

வட்டிப் பணம் வாங்கவில்லைதானே? ஞாயிறு மதியம் வரை கடை திறந்திருக்கும். அப்பாவோடு ஒருநாள் வா கண்ணு, லென்ஸ் பெட்டியைத் திறந்து காட்டுகிறேன். மைனஸ் 2 கையில் பிடித்தால் எப்படி இருக்கும் என்று பார்.