மறு: ஓவர்கிளாக்கிங் – ‘கடிகாரம்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

செயலியை (கணினியின் மூளையான சில்லு, பிராசசர்) தயாரித்தவர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக்கிங். அதற்கு நம் கலைச்சொல் குழுவில் நேற்று வந்த ‘மிகைக் கடிகாரமாக்கல்’ என்ற சொல்லை அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். “திரை மூலையில் மணி காட்டுதே, அதைக் கூட்டி வைக்கிறதா?” என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. சில்லுக்குள் மணி பார்க்க யாருமில்லை. ஒரே தாளத்தில் வரும் மின்துடிப்புதான் இருக்கிறது. 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 400 கோடி துடிப்பு. ஆக, வேர்ச்சொல் ‘துடிப்பு’ என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

‘துடிப்பேற்றம்’ என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். காதுக்கு இதமான சொல், நானும் முதலில் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். எழுதிக்கொண்டிருக்கும் மின்வழங்கி (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி, பவர் சப்ளை) கட்டுரையில் போட்டுப் பார்த்தபோதுதான் இடித்தது. இன்றைய செயலிகள் வேலை கூடினால் தாமாகவே துடிப்பை ஏற்றிக்கொள்கின்றன. டர்போ என்கிறோமே, அது. அப்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதற்குத் தயாரித்தவரே எண் கொடுத்துவிடுகிறார். இன்டெல் 14900கே செயலி என்றால் 253 வாட். ஓவர்கிளாக்கிங்கில் நாம் அந்த வரம்பையே தாண்டுகிறோம், கொடுத்த எண் உதவாது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் வாசகர் தப்பான எண்ணோடு கடைக்குப் போவார்.

அதனால் டர்போவுக்குத் துடிப்பேற்றம், ஓவர்கிளாக்கிங்குக்கு ‘மீத்துடிப்பு’ என்று வைக்கலாமா? மீயொலி, மீத்திறன் வரிசையில் உட்காரும். ‘மீத்துடிப்பாக்கு’ என்று வினையாக்கினால் நாக்கு தடுக்குகிறது. ‘மீத்துடிப்பில் ஓட்டினேன்’ என்றால் சரியாக இருக்கிறது.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “செயலியை 4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.4க்கு மீத்துடிப்பில் ஓட்டுகிறோம். அது தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.32 ஆக்குகிறோம். செலவாகும் மின்சாரம் துடிப்போடு நேராகவும் அழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடும். இரண்டையும் பத்துப் பத்து விழுக்காடு கூட்டியதற்கு 33 விழுக்காடு ஏறி, 125 வாட் செயலி 166 வாட்டில் நிற்கும்.” உறுத்தவில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்து ‘ஹெட்ரூம்’, அதாவது தேவைக்கு மேல் மின்வழங்கியில் மிச்சம் இருக்கும் வாட். ‘தலையிடம்’ என்பதை விட்டுவிடுவோம், தயவுசெய்து. அவசரத்துக்கு எடுத்து வைப்பதை நம் வீடுகளில் கைகாவல் என்போம். மேலே சொன்ன செயலிக்கு 166, வரைகலை அட்டைக்கு (கிராபிக்ஸ் கார்டு) 320, மற்றதற்கு 60 என்றால் 546 வாட். 750 வாட் மின்வழங்கி வாங்கினால் 204 வாட் கைகாவல். விளக்கமே தேவைப்படவில்லை, பாருங்கள்.

மின்வழங்கியிலிருந்து ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் தனியாக வரும் வழிதான் ‘ரெயில்’. அதற்குத் ‘தண்டவாளம்’ போட்டவர் யாரானாலும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். ‘தடம்’ போதும். இந்தச் சொல்லில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. மலிவாகக் கிடைத்ததென்று முன்பு ஒரு மின்வழங்கி வாங்கினேன். விளையாட்டைத் திறந்தால் கணினி அணைந்து அணைந்து எழும். கழற்றிப் பக்கவாட்டு ஒட்டுச்சீட்டைப் பார்த்தால், மேலே கொட்டை எழுத்தில் 500 வாட். கீழே பொடியாக 12 வோல்ட் தடத்துக்கு 30 ஆம்பியர். பெருக்கினால் 360தான். செயலியும் வரைகலை அட்டையும் பெரும்பாலும் அந்தத் தடத்தில்தான் இழுக்கின்றன. மீதி வாட்டெல்லாம் 3.3 வோல்ட்டிலும் 5 வோல்ட்டிலும் சும்மா கிடந்தது.

‘பவர்’ பற்றி இலங்கை நண்பர் சொன்னதை ஏற்கிறேன். நமக்குப் பள்ளியில் ‘திறன்’, அவர்களுக்கு ‘வலு’. மின்வழங்கி எவ்வளவு மின்சாரத்தை வீணாக்காமல் தருகிறது என்று காட்டும் கோல்டு, பிளாட்டினம் முத்திரைகளைப் பற்றி எழுதும்போது ‘திறன்’, ‘பயனுறுதிறன்’ (எஃபிஷியன்சி) இரண்டும் ஒரே வரியில் வந்து முட்டிக்கொள்கின்றன. இந்தக் கட்டுரையில் ‘வலு’ என்றே எழுதப்போகிறேன்.

‘மின்வழங்கி’ என்ற சொல்லை மாற்றத் தேவையில்லை. ஆனால் கணினிப் பொருள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் போய் மின்வழங்கி என்று கேட்டால் முழிப்பார்கள், அங்கே அது எஸ்.எம்.பி.எஸ். முதல் பத்தியில் ஒருமுறை அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், ‘ஸ்பைக்’ மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வரைகலை அட்டை கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் திடீரென்று எகிறி இழுத்துவிட்டு அடங்குகிறதே, அது. கணினி மின்வழங்கிகளுக்காக 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 வரையறை, 100 மைக்ரோநொடிக்குத் தன் வாட் அளவைப்போல் இரு மடங்கு வரை மின்வழங்கி தாங்க வேண்டும் என்கிறது. ‘உச்சம்’ என்றால் நெடுநேரம் நிற்பதுபோல் இருக்கிறது. ‘துள்ளல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மீன் துள்ளுவதுபோல. விளையாட்டுத்தனமாகத் தெரிகிறதா?