பொருள்: டாட்டிங், பிக்கோ: தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே, வணக்கம். நாளை மாலைக்குள் ஒரு கைவேலைக் குறிப்பை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். நடுவில் வட்டத் துணி, சுற்றிலும் டாட்டிங் லேஸ் (கையால் நூலை முடிச்சிட்டுச் செய்வது) வைத்த சிறு விரிப்பை, அதாவது டாய்லியை, எப்படி முடிப்பது என்று சொல்கிற குறிப்பு. "உள்வட்டப் பிக்கோக்களைத் துணியோடு சேர்த்துத் தைக்கவும்" என்ற வரியில் நின்றுவிட்டேன். டாட்டிங், பிக்கோ (லேஸ் ஓரத்துச் சிறு நூல்வளையம்), டாய்லி மூன்றுக்கும் சொல் வேண்டும். லேஸுக்குச் சரிகை என்று போட்டிருக்கிறேன்.

* * *

முதலில் சரிகையை எடுத்துவிடுங்கள். அது பொன்னிழை, வெள்ளியிழை. லேஸ் என்பது இழையைவிட ஓட்டை அதிகமான பொருள்!

டாட்டிங் கருவி சின்னப் படகுபோல் இருக்கும். ஜெர்மன்காரர்கள் இந்த வேலையையே 'சிறுபடகு வேலை' என்கிறார்கள். பிரெஞ்சில் அந்தக் கருவிக்குப் பெயர் நவெத். அதுவும் படகின் வழி வந்த சொல். தமிழில் ஓடம் என்றால் படகு, தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடாவும் ஓடம்தான். யாரையும் கேட்காமல் நாமும் அதே உவமைக்கு வந்திருக்கிறோம், பாருங்கள். ஆகவே ஓடப்பின்னல்.

* * *

> ஆகவே ஓடப்பின்னல்

ஓட ஓடப் பின்னுவது என்றல்லவா படிக்கிறேன்?

* * *

மரம் + பெட்டி மரப்பெட்டி ஆவதுபோல ஓடம் + பின்னல். சேர்த்து எழுதினால் குழப்பமில்லை. என் சிக்கல் 'பின்னல்'. பின்னலில் இழைகள் மாறிமாறி ஏறி இறங்கும். இங்கே ஒரு நூல் நேராகக் கிடக்க, இன்னொன்று அதன்மேல் இரண்டிரண்டு அரைமுடிச்சாக விழுகிறது. ஓடமுடிச்சு என்பதே சரி.

* * *

நான் டாட்டிங் போடுகிறவள். ஐயா சொன்ன முடிச்சு விஷயம் உண்மை. ஓடத்து நூல் நேராக நிற்க, விரலைச் சுற்றிய நூல்தான் முடிச்சாக மாற வேண்டும். மாறாவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் வளையம் இறுகாது.

ஆனால் பிக்கோவைச் சும்மா அலங்காரம் என்று நினைத்துப் பெயர் வைக்காதீர்கள். இரண்டு முடிச்சுக்கு நடுவே தளர்வாக விட்ட நூல்தான் அது. வெளிவட்டத்தில் அழகுக்கு இருக்கும். உள்வட்டத்தில் தையல் அதில்தான் ஏறும். துணியை முன்கூட்டியே நனைத்துக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் முதல் சலவையில் நடுத்துணி மட்டும் சுருங்கி லேஸ் அலையலையாக நிற்கும். அப்புறம் லேஸைத் துணிமேல் பரப்பிக் குண்டூசி குத்தி, ஒவ்வொரு பிக்கோவையும் பிடித்து நெருக்கமாகக் காஜா தையல் போட்டு, மிஞ்சிய துணியைப் பின்பக்கம் தையலை ஒட்டி வெட்டுவேன். முதலில் வெட்டினால் ஓரம் பிசிறிவிடும்.

* * *

> காஜா தையல்

'பொத்தான்துளைத் தையல்' என்று தமிழில் எழுதலாமே?

* * *

பொத்தானும் போர்த்துகீசியம்தான்! காஜா அவர்களுடைய 'காசா'. வீடு என்று பொருள். பொத்தான் நுழையும் துளைக்கும் அதே சொல். ஜன்னல், சாவி, அலமாரியை எல்லாம் வெளியேற்றிவிட்டு வாருங்கள், காஜாவைப் பிறகு பார்க்கலாம்.

* * *

பிக்கோவுக்குக் கண்ணி. பறவை பிடிக்கும் சுருக்கு, தலையில் சூடும் மாலை, இரண்டடிப் பாட்டு எல்லாம் கண்ணிதான். புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தின் முதல் சொல்லே...

* * *

இன்று படிப்பவருக்குக் கண்ணிவெடிதான் நினைவுக்கு வரும். காது என்போம். ஊசிக்கும் காது இருக்கிறதே.

* * *

அதனால்தான் கூடாது. "ஊசியைக் காதில் நுழைக்கவும்" என்று எழுதிப் பாருங்கள்.

* * *

டாய்லி லண்டன் துணிக்கடைக்காரர் ஒருவரின் குடும்பப் பெயரிலிருந்து வந்தது. ஆளின் பெயரை என்ன மொழிபெயர்ப்பது? அப்படியே விடுங்கள்.

* * *

மொழிபெயர்ப்பை அனுப்பிவிட்டேன். தலைப்பில் 'டாட்டிங் எனும் ஓடப்பின்னல்'. பிக்கோ முதல் தடவை 'பிக்கோ என்ற கண்ணி', பிறகு கண்ணி மட்டும். லேஸ், டாய்லி, காஜா தையல் அப்படியே. அனைவருக்கும் நன்றி.

* * *

முடிச்சைப் பின்னல் என்று அச்சேற்றுவதை நான் ஏற்கவில்லை. பதிவுக்காகச் சொல்லி வைக்கிறேன்.