எஃப்எக்ஸ் 8350-லிருந்து ரைசனுக்கு: ஜென்டூவை முழுக்க மறுபடி கம்பைல் செய்ய வேண்டுமா?

எட்டுகோர்:
வணக்கம். எஃப்எக்ஸ் 8350 (ஏஎம்டியின் பழைய சிபியு) பெட்டியில் ஜென்டூ ஓட்டுகிறேன், பெரும்பாலான புரோகிராம்களை நம் பெட்டியிலேயே கம்பைல் செய்து போடும் லினக்ஸ் அது. கம்பைல் செட்டிங் இருக்கும் மேக்.கான்ஃப் ஃபைலில் மார்ச்=நேட்டிவ் (இந்த சிபியுவுக்கென்றே கட்டு) என்றுதான் இருக்கிறது. இப்போது ரைசன் 5 5600-ம் பி550 போர்டும் வாங்கியாயிற்று. எஸ்எஸ்டியை அப்படியே கழற்றி மாட்டினால் பூட் ஆகுமா? இரண்டும் ஏஎம்டிதானே, பழையதில் ஓடுவது புதியதில் ஓடாதா என்கிறான் தம்பி. லிப்ரேஆபிஸ், எல்எல்விஎம் எல்லாம் மறுபடி கம்பைல் செய்வதை நினைத்தாலே கண்ணைக் கட்டுகிறது.

டெபியன்காரன்:
நான் இன்டெலிலிருந்து ரைசனுக்கு மாறியபோது டிஸ்கை மாட்டினேன், பூட் ஆனது, வேலையைப் பார்த்தேன். கம்பைல் எல்லாம் எதற்கு?

ராத்திரிகம்பைல்:
டெபியனில் அது சரி. அங்கே எல்லாமே பொதுவான எக்ஸ்86-64-க்கு, அதாவது எந்த 64-பிட் இன்டெல், ஏஎம்டி சிபியுவிலும் ஓடும்படி கட்டியவை. இங்கே கதை வேறு.

தம்பி சொல்வது பெரும்பாலான சிபியுவுக்குப் பொருந்தும், 8350-க்குப் பொருந்தாது. அது பைல்டிரைவர் என்ற பழைய டிசைன். எஃப்எம்ஏ4, எக்ஸ்ஓபி, டிபிஎம் என்று ஏஎம்டி தானாகச் சேர்த்த கட்டளைகள் அதில் உண்டு. ரைசனில் அவற்றைக் கைவிட்டுவிட்டார்கள். நேட்டிவ் என்றால் ஜிசிசி கம்பைலர் உங்கள் சிபியுவை பிடிவெர்2 (பைல்டிரைவருக்கு அது வைத்த பெயர்) என்று எடுத்துக்கொண்டு, சாதாரண பிட் வேலைக்குக்கூட டிபிஎம்மைப் போட்டுவிடும். புதுப் பெட்டியில் அந்த பைனரி 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழும். லைவ் யுஎஸ்பி போட்டு ச்ரூட் செய்யலாம் (அதிலிருந்து பழைய சிஸ்டத்துக்குள் நுழையலாம்) என்று பார்த்தால், உள்ளே இருக்கும் பாஷ் ஷெல்லும் ஜிசிசியும் அதே பழைய சரக்குதான்!

அதனால் பழைய பெட்டி ஓடும்போதே முடித்துவிடுங்கள். நேட்டிவை எடுத்துவிட்டு எக்ஸ்86-64 என்று போடுங்கள். அதே ஃபைலில் சிபியுவின் கட்டளைகளைப் பட்டியலிடும் சிபியு ஃப்ளாக்ஸ் வரியில் எஃப்எம்ஏ4, எக்ஸ்ஓபி இரண்டையும் நீக்குங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் எமர்ஜ் மைனஸ் ஈ வேர்ல்டு (எல்லாவற்றையும் மறுபடி கட்டும் கமாண்ட்) கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். லிப்ரேஆபிஸை நீங்கள் கட்ட வேண்டாம். 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே ரெடிமேட் பைனரி தருகிறது, யூஸ் ஃப்ளாக் (எந்தெந்த வசதி வேண்டும் என்ற உங்கள் தேர்வு) ஒத்துவந்தால் போதும். ஆனால் அதில் வி3 (புதிய சிபியுவுக்கான எக்ஸ்86-64 ரகம்) பக்கம் போகாதீர்கள், அதற்கு ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் வேண்டும், 8350-ல் அது கிடையாது.

கெர்னலை நீங்களே வெட்டிச் சுருக்கியிருந்தால், ஜென்டூ கெர்னல் பின் (ரெடிமேட் பொதுக் கெர்னல்) ஒன்றையும் போட்டு வையுங்கள். புது போர்டின் நெட்வொர்க் சிப் வேறாக இருக்கலாம், மைக்ரோகோடும் (சிபியுவுக்கான திருத்தங்கள்) 15எச் ஃபைலிலிருந்து 19எச் ஃபைலுக்கு மாறும்; 8350, 5600 சிபியு குடும்பங்களின் எண்கள் அவை.

எட்டுகோர்:
நல்லவேளை, ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் கேட்டேன். மாறிய பிறகு மறுபடி நேட்டிவ் போட்டு இன்னொரு தடவை ஓட்ட வேண்டுமா? வேகம் கூடுமா?

ராத்திரிகம்பைல்:
வேண்டியதில்லை. நேட்டிவ் என்று மாற்றிவிட்டு, வழக்கமான அப்டேட்டில் ஒவ்வொன்றாக மாறட்டும். ஏவிஎக்ஸ்2-ஆல் நிஜமாகவே லாபம் பெறும் எஃப்எஃப்எம்பெக், ஓபன்எஸ்எஸ்எல் போன்றவை ஓடும்போதே சிபியுவைப் பார்த்துத் தகுந்த கோடைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எல்லா புரோகிராமும் பயன்படுத்தும் ஜிலிப்சி லைப்ரரியின் மெம்காப்பியும் அப்படித்தான். மற்றபடி நீங்கள் உணரப்போகும் வேகம் புது சிபியுவுடையது.

இன்னொன்று: முதல் பூட்டில் நெட் வரவில்லை என்று பதறாதீர்கள். போர்டு மாறினால் நெட்வொர்க் இன்டர்ஃபேஸின் பெயரும் மாறக்கூடும். ஐபி லிங்க் அடித்துப் பெயரைப் பார்த்து, நெட் செட்டிங்கில் அதை மாற்றுங்கள்.