புதுப்பிப்பு: ஃபிளாக்ஸ்டாஃபில் குடியேறிய பிறகு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள ஃபிளாக்ஸ்டாஃப் குடியிருக்க ஏற்ற ஊரா என்று முன்பு கேட்டிருந்தேன். பாலைவன வெயில் வாட்டும் என்று சிலர் எச்சரித்தீர்கள். இப்போது குடிவந்தாயிற்று. ஊர் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் பாண்டரோசா பைன் காடு, குளிர்காலத்தில் நல்ல பனி. வந்த புதிதில் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு லேசில் வேகாது. குக்கர் கட்டாயம் வேண்டும். வாடகைதான் கையைக் கடிக்கிறது.

ஆனால் இந்த இரவு வானத்துக்காக எதையும் பொறுத்துக்கொள்வேன்! 1930இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட லோவெல் வானாய்வகம் இங்கேதான் இருக்கிறது. 2001இல் உலகின் முதல் இருள்வான நகரமாக (இரவு வானம் தெளிவாகத் தெரிய விளக்கொளியைக் கட்டுப்படுத்தும் ஊராக) அறிவிக்கப்பட்டதும் இந்த ஊர்தான். வீட்டு வாசலில் நின்றாலே பால்வீதி தெரிகிறது. சரக்கு ரயில்கள் இரவெல்லாம் ஊர் நடுவே ஓடுகின்றன. வீடு தேடுபவர்கள் தண்டவாளத்திலிருந்து தள்ளியே பாருங்கள்.