சாத்தி, ஜாரி, பிக்காசோ கூட்டம்: நேரில் பார்த்தது, கேட்டது எழுதுங்கள்

வடக்கு ரயிலடி

பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தியின் ‘வெக்ஸாசியோன்’ என்ற பியானோ இசை முழுவதையும் வாசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். பாரிஸில் ஒரு சின்ன அரங்கம், நல்ல குளிர்காலம். அது என்னவென்று இங்கே வருகிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரே ஒரு பக்கம், 840 தடவை. சாயங்காலம் தொடங்கினால் மறுநாள் மத்தியானம் ஆகிவிடும். பியானோக் கலைஞர்கள் முறை வைத்து மாறி மாறி உட்காருகிறார்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. கீழ் ஸ்தாயியில் ஒரு வரி தனியாக வரும். பிறகு அதே வரி மேலே இரண்டு குரல்களோடு வரும். மறுபடி தனியாக. மறுபடி குரல்களோடு, ஆனால் இந்த முறை அந்தக் குரல்கள் இடம் மாறியிருக்கும். எத்தனை தடவை கேட்டாலும் மனதில் தங்காத மெட்டு. வாசித்தவர்களும் கடைசி வரை தாளைப் பார்த்தே வாசித்தார்கள்.

விடிகாலை மூன்று மணி இருக்கும். கை மாறும் நேரம். அடுத்து வாசிக்க வேண்டிய பெண் பெஞ்சின் இடது ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். வாசித்துக்கொண்டிருந்தவர் வலப்பக்கம் நகர்ந்துகொண்டார். கீழ் வரி தனியாக வரும் இடம் அது, ஒரு கை போதும். அந்தப் பெண் தன் இடது கையை அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு சுரம் அவர், ஒரு சுரம் இவர், அப்புறம் முழுக்க இவர். எந்த இடத்தில் கை மாறியது என்று காதுக்குத் தெரியவே இல்லை. எழுந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் ஏன் அழுதார் என்று இன்றும் யோசிக்கிறேன். சாத்தி இதை எழுதியது 1893 வாக்கில். ஓவியர் சூசான் வலதோனோடு அவருக்கிருந்த உறவு ஆறே மாதத்தில் முறிந்ததும் அதே வருஷம். அந்த வலியைத்தான் அவர் 840 தடவை எழுதி வைத்தார் என்பது என் நம்பிக்கை.

கரிசல்

நல்லா எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கடைசிப் பத்தியை ஒப்புக்கொள்ள முடியாது. காதல் தோல்வி என்று ஒரு கதையைச் சேர்த்தால்தான் கலைக்கு மதிப்பு வருமா?

சாத்தி தன் வாழ்நாளில் அந்தப் பக்கத்தை அச்சிடவில்லை. அச்சில் வந்தது 1949இல், அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் முயற்சியால். முழுசாக வாசிக்க வைத்ததும் கேஜ்தான், 1963இல் நியூயார்க்கில். தாளில் சாத்தி எழுதியிருப்பது கட்டளையே இல்லை. இந்த மெட்டை 840 தடவை தொடர்ந்து வாசிப்பதானால், முன்னதாகவே ஆழ்ந்த மௌனத்தில் அசையாமல் இருந்து தயாராகிக்கொள்வது நல்லது என்கிற மாதிரி ஒரு குறிப்பு, அவ்வளவுதான். மோன்மார்த்தரில் ‘ஷா நுவார்’ கேளிக்கை விடுதியில் பியானோ வாசித்துப் பழகிய மனிதர் அவர். அங்கே விளையாட்டுதான் வேலை. அந்த விளையாட்டை அழுகையாக மாற்றுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

என் அனுபவம் சின்னது. ஓன்ஃப்ளர் துறைமுக ஊரில் சாத்தி பிறந்த வீட்டை ஒரு மாதிரியான அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள். இறக்கை முளைத்த பெரிய பேரிக்காய் ஒன்று இருக்கும். அதைத் தாண்டிப் போனால் முழுக்க வெள்ளையான ஓர் அறை, அதில் தானாக வாசிக்கும் வெள்ளைப் பியானோ. நான் நின்றபோது நாலைந்து வயசுப் பையன் ஒருவன், தானாகக் கீழே போய் வரும் கட்டைகளைத் தன் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். அவை அவன் கையை மேலே தள்ளின. அவன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தான், பயமும் சந்தோஷமும் சேர்ந்த முகம். சாத்தி விரும்பிய ரசிகன் அவன்தான் என்று அப்போதே தோன்றியது.

மூன்றாம் மணி

சாத்தியை விட்டு நாடகக்காரர் ஜாரிக்கு வருகிறேன், மன்னிக்கவும். ‘ஊபு ருவா’. லியோன் பக்கம் மாணவர்கள் போட்ட நாடகம். நான் பிரான்ஸுக்கு வந்த புதிது, மொழி அரைகுறை. கூட வேலை செய்த நண்பர், “மொழியே வேண்டாம், சும்மா சிரிக்கலாம் வா” என்று கூட்டிக்கொண்டு போனார்.

பிரபுக்களைக் கொல்லும் காட்சி உங்களுக்குத் தெரியும். அரசனைக் கொன்று பட்டத்துக்கு வந்த ஊபு பிரபுக்களை வரிசையில் நிற்க வைக்கிறான். நீ யார், உன் வருமானம் எவ்வளவு? பதில் சொன்னதும் குழிக்குள் தள்ளு. ஒருத்தர், “நான் நொடிந்து போனேன், என்னிடம் ஒன்றுமில்லை” என்கிறார். இந்தக் கெட்ட வார்த்தைக்காக நீயும் குழிக்குள் போ என்கிறான். அரங்கமே சிரிக்கிறது. நண்பர் என் தொடையில் தட்டிச் சிரிக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. நான் வன்னியில் இருந்து வந்தவன். பெயர், ஊர், தொழில் கேட்டு, எந்தப் பதில் சொன்னாலும் ஒரே பக்கம்தான் என்கிற வரிசையில் நின்றிருக்கிறேன். அந்த மாணவனுக்கு இருபது வயசு இருக்கும். வயிற்றில் தலையணை கட்டிக்கொண்டு நடித்தான். அந்தக் குரலில் கோபமே இல்லை. சாப்பாட்டுக் கடையில் அடுத்த ஆள் யார் என்று கூப்பிடுவது போல ஒரு சோம்பல். அதுதான் சரியான குரல். அது அவனுக்கு எப்படித் தெரிந்தது?

பிறகுதான் தேடிப் படித்தேன். 1896 டிசம்பர் 9 முன்னோட்டம், 10 அரங்கேற்றம், அதோடு சரி. முதல் சொல்லே கெட்ட வார்த்தை, அதற்கே கூச்சல். ஜாரிக்கு அப்போது 23 வயசு. ரென் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் எபேர் என்ற பௌதிக ஆசிரியரைக் கிண்டல் பண்ணிப் பையன்கள் எழுதிய துண்டுகளில் இருந்து வளர்ந்தவன்தான் ஊபு. ஒரு வகுப்பறைப் பயமும் வெறுப்பும் கொடுங்கோலனின் குரலை அவ்வளவு துல்லியமாகப் பிடித்துவிட்டது.

கரிசல், விளையாட்டுதான் வேலை என்று எழுதியிருக்கிறீர்கள். விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விளையாட்டில் நான் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தேனே, அதற்கும் அதில் இடம் இருந்தது.

பியானோ டீச்சர்

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இதைப் படித்துவிட்டுப் புதிதாக யாராவது நேராக ‘வெக்ஸாசியோன்’ கேட்கப் போகாதீர்கள், தயவுசெய்து. என் மாணவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் 1888இல் எழுதிய ‘ஜிம்னோபெதி’ மூன்றில் முதலாவது. தூக்கத்துக்கான இசை என்று இணையத்தில் மழைச் சத்தத்தோடு கலந்து போட்டிருப்பார்கள், அதை வேண்டாம் என்று தள்ளுங்கள். மெதுவாக, வலியோடு என்று சாத்தி மேலே எழுதியிருக்கிறார். இடது கை தாழ்ந்த சுரத்துக்குப் போய் மேலே வரும் தூரத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடியிலும் அந்தத் தாவல் ஒன்றே, ஆனால் சுருதிக்கூட்டு நாம் எதிர்பார்த்த வீட்டுக்குப் போகாது. வாசிக்கிறவர்கள் பெடலை அதிகம் மிதித்தால் எல்லாம் கூழாகிவிடும்.

அப்புறம் ‘க்னோசியென்’. அதில் தாளத்தைப் பிரிக்கும் கோடுகளே கிடையாது, வாசிப்பவருக்குச் சாத்தி எழுதிய குறிப்புகள் விசித்திரமாக இருக்கும். அந்தக் குறிப்புகளைச் சத்தமாகப் படித்துக் காட்டாதீர்கள். வாசிப்பவருக்கு மட்டும் சொல்லும் ரகசியம் அவை.

மூன்றாவதாகத்தான் ‘பராட்’ பாலே. 1917 மே 18, ஷாத்லே அரங்கம், உலகப் போரின் நடுவில். கதை கொக்தோ, ஆட்டம் மாசின், திரையும் உடைகளும் பிக்காசோ, குழு தியாகிலெவுடையது. தட்டச்சுப் பொறி, சைரன், துப்பாக்கி எல்லாம் இசைக்குழுவில் உண்டு. முன்பின் தெரியாமல் கேட்டால் அந்தச் சத்தங்கள் மட்டும்தான் காதில் விழும். அவற்றை ஒதுக்கிவிட்டு அடியில் ஓடும் இசையைக் கேளுங்கள், எவ்வளவு கண்ணியமாக, உலர்ந்து, ஒழுங்காக இருக்கிறது! ஒரு விமர்சகர் மோசமாக எழுதினார் என்று சாத்தி அவருக்கு வசைச்சொல்லோடு திறந்த தபால் அட்டை அனுப்ப, வழக்காகி எட்டு நாள் சிறை என்று தீர்ப்பானது. விளையாட்டுக்காரர் என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். தன் வேலையை விளையாட்டாக நினைத்தவருக்கு அவ்வளவு கோபம் வராது.

1920 மார்ச்சில் ‘அறைகலன் இசை’ என்று ஒன்று செய்தார், நாடக இடைவேளையில். யாரும் கவனிக்கக் கூடாத இசை. ஆனால் வாசிக்கத் தொடங்கியதும் ஜனங்கள் மரியாதையாக உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று சாத்தியே கத்தினாராம். கூட இருந்த இசையமைப்பாளர் மியோ எழுதி வைத்திருக்கிறார். இதையும் வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள், நாலாவதாக.

என் அனுபவம் என்று கேட்டால், 2012இல் மெட்ஸ் நகரத்தில் ‘பராட்’ திரையைப் பார்த்தது. பதினாறு மீட்டருக்கு மேல் அகலம். வெள்ளைப் பெண்குதிரை, பக்கத்தில் குட்டி, குதிரைக்கு இறக்கை. கிட்டே போய்ப் பார்த்தால் அந்த இறக்கையை வார் போட்டு உடம்போடு கட்டியிருக்கிறார் பிக்காசோ. சர்க்கஸ் குதிரை அது. நான் அங்கேயே நின்றுவிட்டேன், காவலர் வந்து நகரச் சொல்லும் வரை.

உப்புக்காற்று

எல்லோரும் ரசித்ததை எழுதுகிறீர்கள். எனக்கு நெருடியதை எழுதலாமா?

அல்ஃபோன்ஸ் அலே தெரியும்தானே. நகைச்சுவை எழுத்தாளர், ‘ஷா நுவார்’ ஆட்களில் ஒருவர். 1897இல் அவர் வெளியிட்ட சின்னத் தொகுப்பில் ஒரே வண்ணத்தில் நீள்சதுரங்கள், கீழே ஒரு தலைப்பு. வெள்ளைச் சதுரம் என்றால், பனி பெய்யும்போது சோகை பிடித்த சிறுமிகளின் முதல் நற்கருணை. சிவப்பு என்றால், செங்கடல் கரையில் முகம் சிவந்த கர்தினால்கள் தக்காளி பறிப்பது. செவிடான பெரிய மனிதருக்கு இரங்கல் நடை என்று வெறும் கோடுகள் மட்டும் உள்ள இசைத்தாளும் அதிலேயே உண்டு, ஒரு சுரமும் வாசிக்காத கேஜின் மௌன இசைக்கு அரை நூற்றாண்டு முன்பு.

ஒரு கண்காட்சியில் அதன் பக்கங்களைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். அலுவலகத் தோழியோடு போயிருந்தேன். அவர் பிரெஞ்சுக்காரர், ஒவ்வொரு தலைப்பையும் எனக்காக உரக்கப் படித்தார். கர்தினால்களுக்கு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அடுத்தது கறுப்புச் சதுரம். அதே குரலில் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். இரவில், நிலவறையில், கறுப்பர்கள் போடும் சண்டை. கறுப்பருக்கு அதில் இருக்கும் சொல் வசைச்சொல். தோழி என் முகத்தைப் பார்த்தார், பிறகு என் கையைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம். நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்த யோசனை அலேயுடையதுகூட இல்லை. 1882இல் போல் பியோ என்பவர் ‘இன்கோஹெரான்’ என்ற கேலிக் கலைஞர் கூட்டத்தின் காட்சியில் வைத்தது. ரஷ்ய ஓவியர் மாலேவிச்சின் ‘கறுப்புச் சதுரம்’ ஓவியத்தின் ஓரத்தில் இதே நகைச்சுவையைச் சுட்டும் கையெழுத்து இருப்பதாக 2015இல் மாஸ்கோ ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆக, நவீனக் கலையின் தொடக்கம் என்று நாம் கொண்டாடும் இடத்திலேயே அந்தச் சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது.

கரிசல்

உப்புக்காற்று, அந்தக் காலத்தில் அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். அதை வைத்து அலேயை எடை போட வேண்டாம். வெற்று இசைத்தாள் எவ்வளவு பெரிய யோசனை!

உப்புக்காற்று

வெற்று இசைத்தாள் பெரிய யோசனைதான், நானே முதலில் எழுதினேன். எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள் என்றால், எல்லோரையும் கிண்டல் செய்யக் கிளம்பிய கூட்டம் இந்த ஒன்றில் மட்டும் ஏன் ஊரோடு ஒத்துப்போனது? எனக்கு அதற்குப் பதில் வேண்டும். அலேயை நான் தூக்கி எறியவில்லை. அந்தத் தலைப்பு மாட்டியிருந்த இடத்தில் நான் நின்றேன், நீங்கள் நிற்கவில்லை.

மூன்றாம் மணி

உப்புக்காற்று சொல்வது எனக்குப் புரிகிறது. ஊபுவில் ஒரு விஷயம் சேர்க்கிறேன். 1896இல் சிறைக் கதவுக்குப் பதிலாக ஒரு நடிகரையே நிறுத்தினார்கள். அவர் கை நீட்டி நிற்க, ஊபுவாக நடித்த ஃபிர்மேன் ஜெமியே அந்தக் கையில் சாவியை வைத்துத் திருகினார். அந்த இடத்தில் அரங்கம் வெடித்தது. கூச்சலை அடக்க ஜெமியே மேடையில் ஒரு ஆட்டம் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. ஒரு மனிதரைக் கதவாக்கினால் பார்க்கிறவர்களுக்கு அப்படி ஆத்திரம் வந்ததே, அதை நினைத்துக்கொள்வேன். லியோன் மாணவர்கள் அதை அப்படியே செய்தார்கள். கதவாக நின்ற பெண் கண் இமைக்கவே இல்லை.

இரண்டாம் வயலின்

சாத்தி கேலிக்காரரா இல்லையா என்பதற்கு வாசித்தவள் என்ற முறையில் ஒரு சாட்சி சொல்கிறேன். எங்கள் அமெச்சூர் இசைக்குழு ‘ஆந்த்ராக்த்’ என்ற மௌனப் படத்துக்கு நேரில் வாசித்தது. 1924 டிசம்பர் 4, ஷான்ஸெலிஸே அரங்கில் ‘ரெலாஷ்’ பாலேயின் இடைவேளைக்காக ரெனே கிளேர் எடுத்த படம் அது. தொடக்கத்தில் மொட்டைமாடியில் பீரங்கிக்குப் பக்கத்தில் சாத்தியும் ஓவியர் பிக்காபியாவும் மெதுவான அசைவில் குதிப்பார்கள். அப்புறம் ஒட்டகம் இழுக்கும் சவ ஊர்வலம்.

படத்துக்கு ஒட்டி வாசிப்பதற்காகச் சாத்தி இசையைச் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு துண்டையும் படக்காட்சி முடியும் வரை திருப்பித் திருப்பி வாசிக்கலாம். எத்தனை தடவை என்பது நடத்துநர் கையில். நாங்கள் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். சவ வண்டி தானாக ஓடத் தொடங்கி, துக்கம் கொண்டாட வந்தவர்கள் பின்னால் ஓடும் இடம். நடத்துநரின் இடது கை, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று சுழன்றுகொண்டே இருந்தது. எனக்கு அதே நாலு தாள அளவு. ஜனங்கள் சிரிக்கும் சத்தம் கேட்கிறது, எதற்கென்று தெரியவில்லை. வில் பிடித்த தோள் வலிக்கிறது, ஆனால் நிறுத்த மனமில்லை. சட்டென்று கை மூடியது. நாங்கள் பதினைந்து பேரும் ஒரே நொடியில் அடுத்த துண்டுக்குப் போய்விட்டோம். அப்படி ஒரு சுகம் வேறு எந்த இசையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

கரிசல், இந்தத் தாளை வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் எங்கே முடிந்தாலும் அடுத்ததோடு ஒட்டும்படி அளந்து எழுதிய வேலை. ஜனங்களைச் சிரிக்க வைக்க இவ்வளவு கணக்குப் போட்ட மனிதரை எந்தப் பெயரில் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், அலட்சியக்காரர் என்று மட்டும் வேண்டாம்.

மறுபடி வாசிக்கப் போகிறோம். பாரிஸ் பக்கம் கிளாரினெட் தெரிந்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள், எங்களுக்கு ஆள் குறைகிறது.