மியூவான் கற்றையா, விழுதா?

ஐயா, வணக்கம். ஒரே மோதலில் பிறந்து சேர்ந்து வரும் பல மியூவான்களை (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்களை) ஆங்கிலத்தில் muon bundle என்பர். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் எழுதியது:

> "மியூவான் கற்றை" போதும். சேர்ந்து வருவதுதானே கற்றை?

இதை ஏற்க மனம் வரவில்லை. துகள்களை மோதவிடும் மோதுவியின் குழாயில் எதிரெதிராக ஓடும் புரோட்டான்களுக்குக் கற்றை என்ற பெயர் எப்போதோ நிலைத்துவிட்டது. செர்ன் துகள் ஆய்வகத்தில் நிலத்தடியில் உள்ள ஆலிஸ் உணர்கருவி அண்டக்கதிர்த் தரவைச் சேர்த்ததோ அந்தக் கற்றை ஓடாத இடைவேளைகளில். "கற்றை இல்லாதபோது கற்றை பதிவானது" என்று எழுதினால் மாணவர் குழம்பிப்போவார்.

> அப்படியானால் கொத்து, அல்லது கட்டு?

கொத்து என்றால் ஓரிடத்தில் திரண்டு நிற்பது. கட்டு என்றால் முழுமையாகக் கைக்குள் அடங்குவது. இங்கே இரண்டும் இல்லை. விண்வெளியிலிருந்து அண்டக்கதிராக வரும் ஓர் அணுக்கரு வளிமண்டலத்தின் உயரத்தில் காற்றில் மோதுகிறது. அங்கே பிறக்கும் பயான்கள், கேயான்கள் என்ற குறுவாழ்நாள் துகள்கள் சிதைந்து மியூவான்களைத் தருகின்றன. கூடவே வரும் எலக்ட்ரான்களும் ஃபோட்டான்களும் பாறையில் அடங்கிவிடும். மியூவான்கள் மட்டும் ஆலிஸுக்கு மேலுள்ள 28 மீட்டர் பாறையைத் துளைத்து, ஏறக்குறைய இணைகோடுகளாக இறங்குகின்றன. இப்படிப் பொழியும் துகள்களின் பரப்போ மிகப் பெரிது. ஆலிஸுக்குள் தடம் பதியும் 5 மீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் நாம் காண்பது அதில் ஒரு துண்டுதான்.

ஆகவே என் பரிந்துரை: மியூவான் விழுது.

மேலே ஒரே கிளை, கீழே இணையாக இறங்கி மண்ணைத் துளைக்கும் பல இழைகள். நடக்கும் இயற்பியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் சொல் எனக்குக் கிட்டவில்லை. (குலையையும் எண்ணிப் பார்த்தேன். ஒரே காம்பு என்ற பொருள் நன்று, ஆனால் "குலைந்தது" என்ற வினை குறுக்கே வருகிறது.) அரைத்த விழுது என்ற பொருளும் உண்டே என்று கேட்கலாம். "மியூவான்" முன்னால் நிற்கும்போது யாருக்கும் அந்த ஐயம் எழாது.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன: பல மியூவான்கள் சேர்ந்து பதிவாவது விழுது நிகழ்வு, அவற்றின் எண்ணிக்கை விழுதெண், நூறைத் தாண்டினால் அடர்விழுது. ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"2010 முதல் 2013 வரை திரட்டிய 30.8 நாள் தரவில் ஆலிஸ் 5 அடர்விழுதுகளைக் கண்டது. முன்னர் செர்னில் இயங்கிய லெப் மோதுவியின் அலெஃப், டெல்ஃபி கருவிகளிலும் விழுதெண் மிகுந்த நிகழ்வுகள் தென்பட்டன. அன்றைய போன்மங்களால் (கணினி மாதிரிகளால்) அவற்றின் வீதத்தை விளக்க முடியவில்லை. 10¹⁶ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுடைய, இரும்பு போன்ற கனத்த அணுக்கருக்களே மூலம் என்று கொண்டால் வீதம் பொருந்துகிறது என ஆலிஸ் குழு 2016இல் காட்டியது."

இதே பத்தியில் விழுதுக்குப் பதில் கற்றையை இட்டு ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள் ஐயா. "அடர்விழுது" மட்டும் சற்று நெருடுகிறது, "பெருவிழுது" மேலானதா?